அலோயிஸ் ஆல்சைமர்

அலோயிஸ் ஆல்சைமர் (ஜூன் 14, 1864 – டிசம்பர் 19, 1915) ஜெர்மனியைச் சேர்ந்த உளநோய் மருத்துவரும் நரம்பு நோயியல் ஆய்வாளரும் ஆவார். நினைவாற்றல், மொழி, காலம் மற்றும் இடம் பற்றிய உணர்வு ஆகியவற்றைப் படிப்படியாக அழிக்கும் மூளை நோய் ஒன்றை இவர் 1906ஆம் ஆண்டு விளக்கினார். நோயாளியிடம் நேரில் கண்ட அறிகுறிகளையும், இறந்த பின் அவரது மூளையில் நுண்ணோக்கி வழியாகக் கண்ட மாற்றங்களையும் இணைத்துக் காட்டியதே இவரது விளக்கத்தின் சிறப்பு. 1910 முதல் இந்நோய் இவர் பெயரால் ஆல்சைமர் நோய் என அழைக்கப்படுகிறது.

மூளைத் திசுவில் இவர் இரு முக்கிய மாற்றங்களைக் கண்டார். ஒன்று, நரம்பணுக்களுக்கு வெளியே படியும் திட்டுகள். மற்றொன்று, நரம்பணுக்களுக்கு உள்ளே தோன்றும் இழைச் சிக்கல்கள். இவை எப்புரதங்களால் ஆனவை என்பது இவர் இறந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரிய வந்தது. அப்புரதங்கள் இருக்கும் நரம்பணுக்களை அழிப்பதோடு, புதிய நரம்பணுக்களைத் தோற்றுவிக்கும் நரம்புக் குருத்தணுக்களையும் பாதிக்கின்றனவா என்பது இன்று ஆராயப்படும் முக்கியமான கேள்விகளுள் ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

ஆல்சைமர் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில், மைன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எடுவார்ட் ஆல்சைமர் ஆவணப் பதிவுப் பணியில் இருந்த சட்ட அலுவலர். குடும்பம் கத்தோலிக்க சமயத்தைச் சேர்ந்தது. பின்னர் குடும்பம் அஷாஃபென்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆல்சைமர் அங்கே உயர்நிலைக் கல்வியை 1883இல் முடித்தார்.

பெர்லின், ட்யூபிங்கன், வூர்ட்ஸ்பர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். வூர்ட்ஸ்பர்க்கில் திசுவியல் அறிஞர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கரின் ஆய்வகத்தில் நுண்ணோக்கியைக் கையாளப் பழகினார். 1887இல் இவர் முனைவர் பட்டத்திற்கு அளித்த ஆய்வேடு காதில் குறும்பி சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. மூளைக்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை. ஆயினும் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, கண்டதைத் துல்லியமாக வரையும் பயிற்சி இவருக்கு அங்குதான் கிடைத்தது. அடுத்த ஆண்டு மருத்துவராகப் பணிபுரிவதற்கான அரசுத் தேர்வில் தேறினார்.

பிராங்க்ஃபுர்ட்டில் பணி

1888 டிசம்பரில் பிராங்க்ஃபுர்ட் நகராட்சி நடத்திய மனநோயாளிகளுக்கும் வலிப்பு நோயாளிகளுக்குமான மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அதன் இயக்குநர் எமில் சியோலி. கோட்டை போன்ற அமைப்பால் அக்கட்டடத்தை மக்கள் பைத்தியக்காரர் கோட்டை என்று அழைத்தனர். சியோலி நோயாளிகளைக் கட்டிவைப்பதையும் தனியே அடைப்பதையும் குறைத்தார். அமைதியற்ற நோயாளிகளை வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் அமரச் செய்வது போன்ற மென்மையான முறைகளைக் கையாண்டார். ஆல்சைமர் இம்மாற்றங்களில் அவருக்குத் துணை நின்றார்.

1889இல் ஃபிரான்ஸ் நிஸ்ல் அதே மருத்துவமனையில் சேர்ந்தார். நரம்பணுவின் உட்பகுதிகளைத் தெளிவாகக் காட்டும் சாயமேற்றும் முறையை நிஸ்ல் ஏற்கனவே கண்டறிந்திருந்தார். பகலில் நோயாளிகளைக் கவனிப்பதும், மாலையில் இறந்தோரின் மூளைத் திசுவை ஆராய்வதும் இருவருக்கும் வழக்கமாயிற்று. மூளையின் புறணி பற்றி இவர்கள் வெளியிட்ட ஆய்வுத் தொகுதிகள் நரம்பு நோயியலின் அடிப்படை நூல்களாகக் கருதப்படுகின்றன. 1895இல் நிஸ்ல் ஹைடல்பெர்க்கிற்குச் சென்ற பின்னும் இவர்களது நட்பு தொடர்ந்தது.

அக்காலத்தில் உளநோய்களுக்கு உடல்சார்ந்த காரணம் உண்டா என்பது பெரும் விவாதமாக இருந்தது. சிபிலிஸ் கிருமியால் பிற்காலத்தில் ஏற்படும் மூளைச் சிதைவு, தமனிகள் தடித்துக் குருதியோட்டம் குறைவதால் வரும் மனத்தளர்ச்சி, முதுமையில் தோன்றும் மறதி ஆகியவை வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன. இவற்றை மூளைத் திசுவின் மாற்றங்களைக் கொண்டு வேறுபடுத்துவதே ஆல்சைமர் தமக்கென வகுத்துக் கொண்ட பணி. அறிகுறியை வைத்து மட்டும் நோயைப் பெயரிடுவது போதாது என்பது இவரது கருத்து.

குடும்பம்

1894இல் சிசிலியா கைசன்ஹைமர் என்பவரை மணந்தார். இவர் செல்வந்தர் ஒருவரின் விதவை. இவர்களுக்குக் கெர்ட்ரூட், ஹான்ஸ், மரியா என மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1901 பிப்ரவரியில் சிசிலியா இறந்தார். ஆல்சைமரின் உடன்பிறந்தாளான எலிசபெத் வந்து தங்கிக் குழந்தைகளை வளர்த்தார். மனைவியின் வழியே கிடைத்த செல்வம், பின்னாளில் ஊதியம் இல்லாமலே ஆய்வில் ஈடுபட ஆல்சைமருக்கு உதவியது.

அகுஸ்தே டெட்டர்

மனைவி இறந்த அதே ஆண்டு நவம்பர் 25 அன்று அகுஸ்தே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் பிராங்க்ஃபுர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இவரது கணவர் இரயில்வே அலுவலக எழுத்தர். முதலில் கணவர் மீது காரணமற்ற ஐயம் எழுந்தது. பின்னர் நினைவு தடுமாறியது, சமையலில் தவறுகள் நேர்ந்தன, பொருட்களை ஒளித்து வைத்தார், இரவில் கூச்சலிட்டார்.

மறுநாள் ஆல்சைமர் இவரைச் சந்தித்து, கேள்விகளையும் விடைகளையும் அப்படியே எழுதி வைத்தார். கணவரின் பெயரைக் கேட்டபோது அகுஸ்தே தம் பெயரையே சொன்னார். உணவில் காலிஃபிளவரையும் பன்றி இறைச்சியையும் உண்டுகொண்டிருந்தவர், என்ன உண்கிறீர்கள் எனக் கேட்டபோது பசலைக்கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது, முதற் சொல்லை எழுதியதும் மீதியை மறந்தார். ஒவ்வொரு சொல்லையும் மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. தாம் தம்மையே இழந்துவிட்டதாக அவர் பலமுறை கூறியதும் குறிப்பில் உள்ளது.

இத்தகைய மறதி எழுபது, எண்பது வயதினரிடம் காணப்பட்டபோது மருத்துவர்கள் அதை முதுமையின் இயல்பு என விட்டுவிட்டனர். அகுஸ்தே அந்த வயதை எட்டாதவர். சிபிலிஸ் நோயும் காரணமாகத் தெரியவில்லை. ஆகவே இவரை ஆல்சைமர் தொடர்ந்து கவனித்தார். பிராங்க்ஃபுர்ட்டை விட்டுச் சென்ற பிறகும் இவரது நிலையைக் கேட்டறிந்து வந்தார்.

மியூனிக் ஆய்வகம்

பிராங்க்ஃபுர்ட்டில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் பணியாற்றிய பின், அக்காலத்தின் முன்னணி உளநோய் மருத்துவரான எமில் கிரெப்பலின் அழைப்பை ஏற்று ஆல்சைமர் ஹைடல்பெர்க் சென்றார். அங்கே குறுகிய காலமே தங்கினார். 1903இல் கிரெப்பலின் மியூனிக் பல்கலைக்கழகத்திற்கு மாறியபோது இவரும் உடன் சென்றார். 1904இல், சிபிலிஸால் வரும் மூளைச் சிதைவை மற்ற நோய்களிலிருந்து வேறுபடுத்தி அறிவது பற்றி 170 நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்து எழுதிய விரிவான ஆய்வை அளித்து, பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி பெற்றார்.

மியூனிக் மருத்துவமனையின் உடற்கூற்று ஆய்வகம் இவர் பொறுப்பில் இருந்தது. பல நாடுகளிலிருந்து இளம் மருத்துவர்கள் இங்கே வந்து பயின்றனர். பின்னாளில் தத்தம் பெயரால் நோய்கள் அறியப்பட்ட ஹான்ஸ் கெர்ஹார்ட் கிராய்ட்ஸ்ஃபெல்ட், அல்ஃபோன்ஸ் யாகோப், ஃபிரெட்ரிக் லெவி ஆகியோர் இவரிடம் பயின்றவர்களே. இத்தாலியரான கயதானோ பெருசினி, ஃபிரான்செஸ்கோ பொன்ஃபிக்லியோ ஆகியோரும், அமெரிக்காவின் முதல் கறுப்பின உளநோய் மருத்துவர்களுள் ஒருவரான சாலமன் கார்ட்டர் ஃபுல்லரும் இங்கு பணியாற்றினர். ஆல்சைமர் ஒவ்வொரு மாணவரின் நுண்ணோக்கி அருகிலும் நெடுநேரம் அமர்ந்து விளக்குவார் என்றும், பற்றவைத்த சுருட்டை அங்கேயே மறந்துவிட்டு அடுத்த மாணவரிடம் செல்வதால் மாலையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்கும் என்றும் கூறுவர்.

1906ஆம் ஆண்டுச் சொற்பொழிவு

1906 ஏப்ரல் 8 அன்று அகுஸ்தே டெட்டர் பிராங்க்ஃபுர்ட்டில் இறந்தார். படுக்கைப் புண்களில் தொடங்கிய நச்சுத் தொற்று அவரது இறப்புக்கு முக்கியக் காரணமாயிற்று. சியோலி அவரது மருத்துவக் குறிப்புகளையும் மூளையையும் மியூனிக்கிற்கு அனுப்பினார். மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி சில ஆண்டுகளுக்கு முன் உருவாக்கியிருந்த வெள்ளி உப்புச் சாயமேற்றும் முறையை ஆல்சைமர் இத்திசுவில் பயன்படுத்தினார். இம்முறையில் நரம்பணுவுக்குள் உள்ள மெல்லிய இழைகள் கறுப்பாகத் தெரியும்.

அவர் கண்டவை பின்வருமாறு:

மூளை சுருங்கியிருந்தது, புறணியில் பல நரம்பணுக்கள் மறைந்திருந்தன.

எஞ்சிய நரம்பணுக்களில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒரு பங்கு வரையானவற்றில் இழைகள் தடித்து, முறுக்கிக் கட்டுகளாக மாறியிருந்தன. சில இடங்களில் உயிரணு முற்றிலும் அழிந்து, அது இருந்த இடத்தைச் சிக்கலான இழைக்கட்டு மட்டுமே காட்டியது.

புறணி முழுவதும் ஏதோ ஒரு பொருள் சிறு சிறு திட்டுகளாகப் படிந்திருந்தது.

நரம்பணுக்களுக்குத் துணை நிற்கும் கிளியா உயிரணுக்கள் மாறுதல் அடைந்திருந்தன.

1906 நவம்பர் 3 அன்று ட்யூபிங்கனில் நடைபெற்ற தென்மேற்கு ஜெர்மனி உளநோய் மருத்துவர்களின் 37ஆவது கூட்டத்தில் இவற்றை ஆல்சைமர் விளக்கினார். உரை முடிந்ததும் எவரும் வினா எழுப்பவில்லை. 1907இல் இவ்வுரை சுருக்கமான கட்டுரையாக வெளிவந்தது. 1909இல் பெருசினி அகுஸ்தேயின் மூளையையும் வேறு மூவரின் மூளைகளையும் மேலும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

திட்டுகளை முதலில் கண்டவர் ஆல்சைமர் அல்லர். 1892இல் பால் பிளாக், ஜார்ஜ் மரினெஸ்கோ ஆகியோரும், 1898இல் எமில் ரெட்லிக்கும் அவற்றைக் குறிப்பிட்டுள்ளனர். பிராகா நகரில் பணியாற்றிய ஆஸ்கர் ஃபிஷர் 1907இல் முதுமை மறதி நோயாளிகள் 16 பேருள் 12 பேரின் மூளையில் இத்திட்டுகளைக் கண்டு விரிவாக எழுதினார். யூதரான ஃபிஷர் 1942இல் நாசிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். அவரது பணி நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. நரம்பணுவுக்குள் தோன்றும் இழைச் சிக்கலை விளக்கியதும், திட்டு, சிக்கல், நோயாளியின் வரலாறு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்ததுமே ஆல்சைமரின் தனிப் பங்களிப்பு.

நோய்க்குப் பெயர் வந்த விதம்

1910இல் வெளிவந்த தமது உளநோய் மருத்துவப் பாடநூலின் எட்டாம் பதிப்பில் கிரெப்பலின் இந்நோய்க்கு ஆல்சைமர் நோய் எனப் பெயரிட்டார். முதுமைக்கு முன்னரே தோன்றும் தனிவகை நோயாக அதைக் குறிப்பிட்டார். அப்போது விளக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஒரு சிலரே. இவ்வளவு விரைவில் பெயரிட்டதற்கு, மியூனிக் ஆய்வகத்தின் புகழை நிலைநாட்டும் விருப்பமும், உளநோய்களுக்கு உடல்சார்ந்த அடிப்படை உண்டு எனக் காட்டும் நோக்கமும் காரணமாக இருக்கலாம் என வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

ஆல்சைமர் இதில் தயக்கம் காட்டினார். 1911இல் வெளியிட்ட கட்டுரையில், இது முதுமை மறதியிலிருந்து வேறான நோயா, அல்லது அதுவே இளம் வயதில் கடுமையாகத் தோன்றுகிறதா என்ற கேள்வியை எழுப்பி, இரண்டும் ஒன்றே எனக் கருதுவதற்குக் காரணங்கள் உண்டு எனக் காட்டினார். அதே கட்டுரையில் ஜோஹான் எஃப். என்ற 56 வயதுத் தொழிலாளியின் மூளையில் திட்டுகள் நிறைந்திருந்தும் இழைச் சிக்கல்கள் காணப்படவில்லை என்பதையும் பதிவு செய்தார். தம் பெயர் தாங்கிய நோயின் வரையறைக்கு இடையூறான இக்கண்டுபிடிப்பை அவர் மறைக்கவில்லை. இத்திட்டுகள் நோயின் காரணமா, விளைவா என்பது குறித்தும் அவர் உறுதியாகக் கூறவில்லை. இத்தயக்கம் சரியானது எனப் பிற்காலம் காட்டியது. 1960களில் நடந்த மூளை ஆய்வுகளின் அடிப்படையில், 1976இல் ராபர்ட் காட்ஸ்மன் முதுமை மறதியின் பெரும்பகுதியும் ஆல்சைமர் நோயே என எடுத்துரைத்தார். அதன் பின்னரே அரிய நோயாகக் கருதப்பட்ட இது, முதியோரைப் பரவலாகத் தாக்கும் நோயாக அறியப்பட்டது.

பிற ஆய்வுகள்

பிக் நோயில் நரம்பணுக்களுக்குள் காணப்படும் உருண்டைகளை 1911இல் ஆல்சைமர் விளக்கினார். இவை இன்று பிக் உருண்டைகள் எனப்படுகின்றன. கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படும் வில்சன் நோயில் தோன்றும் பெரிய கிளியா உயிரணுக்களுள் இருவகை இன்றும் இவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. தமனித் தடிப்பால் வரும் மறதி, வலிப்பு நோயில் மூளையில் ஏற்படும் மாற்றங்கள் ஆகியவற்றைப் பற்றியும் எழுதியுள்ளார். 1910இல் மாக்ஸ் லெவண்டோவ்ஸ்கியுடன் இணைந்து நரம்பியலுக்கும் உளநோய் மருத்துவத்திற்குமான ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார்.

பிரெஸ்லாவும் இறப்பும்

1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் உளநோய் மருத்துவப் பேராசிரியராகவும் மருத்துவமனை இயக்குநராகவும் நியமிக்கப்பட்டார். அன்று ஜெர்மனியின் பகுதியாக இருந்த பிரெஸ்லாவ், இன்று போலந்தில் உள்ள வ்ரோத்ஸ்வாஃப் நகரமாகும். பணியேற்கச் சென்ற இரயில் பயணத்தின் போது ஆல்சைமர் நோயுற்றார். தொண்டைத் தொற்றில் தொடங்கிய அந்நோய் மூட்டுகளையும் இதயத்தையும் பாதித்தது. அதிலிருந்து அவர் முழுமையாக மீளவில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய பின் வேலைப் பளுவும் கூடியது. 1915 டிசம்பர் 19 அன்று 51ஆம் வயதில் இறந்தார். அகுஸ்தே டெட்டர் மருத்துவமனையில் சேர்ந்தபோது இருந்த வயதும் இதுவே. பிராங்க்ஃபுர்ட் முதன்மைக் கல்லறையில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத்தில் அறியப்பட்ட புரதங்கள்

ஆல்சைமர் திட்டுகளின் வடிவத்தையும் இடத்தையும் கண்டார்; அவற்றின் வேதியியலை அறியும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை. 1984இல் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வோங்கும் நோயாளிகளின் மூளைக் குருதிக்குழாய்களில் படிந்திருந்த அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 1985இல் திட்டுகளும் இதனாலேயே ஆனவை எனக் கொலின் மாஸ்டர்ஸ், கொன்ராட் பைராய்தர் குழுவினர் காட்டினர். இது தனியே தோன்றும் புரதம் அன்று. ஏ.பி.பி. எனப்படும் நீண்ட முன்னோடிப் புரதம் நொதிகளால் வெட்டப்படும்போது உருவாகும் துண்டாகும். ஏ.பி.பி.க்கான மரபணு 21ஆவது குரோமோசோமில் உள்ளது. 21ஆவது குரோமோசோம் மூன்று படிகளாக அமையும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நடுவயதிலேயே இத்திட்டுகள் தோன்றுவதன் காரணம் இதனால் விளங்கிற்று.

1986இல் இழைச் சிக்கல்களின் முதன்மைப் பொருள் டௌ என்னும் புரதம் எனக் கண்டறியப்பட்டது. டௌ இயல்பான நிலையில் நரம்பணுவின் உள்ளே இருக்கும் நுண்குழாய்களைத் தாங்குகிறது. அளவுக்கு மீறிப் பாஸ்பேட்டுகள் இணைந்தால் அது நுண்குழாயை விட்டு விலகி, ஒன்றோடொன்று முறுக்கிக் கொள்கிறது. 1995இல் பிரசெனிலின் 1, பிரசெனிலின் 2 ஆகிய மரபணுக்கள் கண்டறியப்பட்டன. இவற்றில் ஏற்படும் பிறழ்வுகள் இளம் வயதிலேயே நோயைத் தோற்றுவிக்கின்றன. ஏ.பி.பி.யை வெட்டி அமிலாய்டு பீட்டாவை விடுவிக்கும் காமா செக்ரிடேஸ் நொதியின் பகுதியே பிரசெனிலின்.

நரம்புக் குருத்தணுக்கள்

ஆல்சைமர் வாழ்ந்த காலத்தில், வளர்ந்த மனிதரின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதில்லை என்பதே பொதுக் கருத்து. ஸ்பானிய அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹாலும் அவ்வாறே கருதினார். அதன்படி, ஆல்சைமர் கண்ட நோய் இருப்பதை இழக்கும் நோய் மட்டுமே. 1960களில் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதாகக் காட்டியது அப்போது அதிகம் ஏற்கப்படவில்லை. 1992இல் பிரெண்ட் ரெய்னால்ட்ஸ், சாமுவேல் வைஸ் ஆகியோர் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து ஸ்டெம் செல்கள் எனப்படும் குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தனர். இவை தம்மைத் தாமே பெருக்கிக் கொள்ளவும், நரம்பணுக்களாகவும் கிளியா உயிரணுக்களாகவும் மாறவும் வல்லவை.

பாலூட்டிகளில் இக்குருத்தணுக்கள் முக்கியமாக இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று மூளையின் நீர்நிறைந்த பக்க அறைகளின் சுவரை ஒட்டிய பகுதி. மற்றொன்று புதிய நினைவுகள் பதிவதற்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ். ஆல்சைமர் நோயில் மிகத் தொடக்கத்திலேயே சிதைவுறும் பகுதிகளுள் ஹிப்போகேம்பஸும் ஒன்று. குருத்தணுக்கள் கிளியா உயிரணுக்களின் இயல்பு உடையவை என்பதும் 1999இல் தெரிய வந்தது. ஆல்சைமர் சிதைவின் சாட்சிகளாகக் கண்டு வரைந்த உயிரணுக்களின் இனத்தில், புதியவற்றைத் தோற்றுவிக்க வல்லவையும் அடங்கும் என்பது அவர் அறிந்திராத உண்மையாகும்.

புரதங்களின் விளைவு

ஏ.பி.பி. இருவேறு வழிகளில் வெட்டப்படுகிறது. ஆல்பா செக்ரிடேஸ் நொதி வெட்டும்போது அமிலாய்டு பீட்டா உருவாவதில்லை. அப்போது வெளியேறும் பெரிய துண்டு, பக்க அறைச் சுவரிலுள்ள முன்னோடி உயிரணுக்கள் பெருகத் துணைபுரிகிறது எனச் சுண்டெலி ஆய்வுகள் காட்டியுள்ளன. பீட்டா செக்ரிடேஸும் காமா செக்ரிடேஸும் வெட்டும் மற்றொரு வழியில் அமிலாய்டு பீட்டா உருவாகிறது. ஆகவே ஒரே புரதம், வெட்டப்படும் இடத்தைப் பொறுத்து, வளர்ச்சிக்கு உதவவும் கேட்டை விளைவிக்கவும் கூடும்.

அமிலாய்டு பீட்டா குருத்தணுக்களை என்ன செய்கிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபட்டிருக்கவில்லை. சில சோதனைகளில் அது அவற்றின் பெருக்கத்தைத் தடுத்து, இறக்கச் செய்தது. வேறு சிலவற்றில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதைத் தூண்டியது. சோதனையில் பயன்படும் அமிலாய்டு தனித்தனி மூலக்கூறுகளாக உள்ளதா, சிறு கூட்டங்களாக உள்ளதா, நீண்ட இழைகளாக உள்ளதா என்பதும், அதன் அளவும், நோயின் கட்டமும் முடிவை மாற்றுகின்றன. கரையும் நிலையிலுள்ள சிறு கூட்டங்களே பெரும்பாலும் நச்சுத்தன்மை மிக்கவை எனக் கருதப்படுகிறது. நோயின் தொடக்கத்தில் மூளை இழப்பை ஈடுசெய்ய முயல்வதால் பெருக்கம் சிறிது கூடலாம் என்றும், பிறகு குருத்தணுக்கள் தளர்ந்துவிடலாம் என்றும் ஒரு விளக்கம் உண்டு.

பிரசெனிலின் மற்றொரு வழியிலும் முக்கியமானது. காமா செக்ரிடேஸ் நொதி ஏ.பி.பி.யை மட்டுமன்றி நாட்ச் என்னும் புரதத்தையும் வெட்டுகிறது. நாட்ச் தரும் சைகை, குருத்தணுக்கள் உரிய காலத்திற்கு முன் நரம்பணுக்களாக மாறிவிடாமல் அவற்றைக் காத்து வைக்கிறது. இந்நொதியை அடக்கி அமிலாய்டைக் குறைக்க முயன்ற சில மருந்துகள் பக்க விளைவுகளால் தோல்வியுற்றதற்கு, நாட்ச் பாதிக்கப்பட்டதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

டௌ புரதத்தைப் பொறுத்தவரை, இளம் நரம்பணுக்களில் பாஸ்பேட்டுகள் மிகுதியாக இணைந்த டௌ இருப்பது இயல்பே. அது அவற்றின் நீண்ட கிளைகள் வளர உதவுகிறது. ஆனால் சுற்றியுள்ள முதிர்ந்த நரம்பணுக்களில் டௌ குவியும்போது, குருத்தணுக்களுக்கு வழக்கமாக வந்து சேரும் சைகைகள் குலைகின்றன எனச் சுண்டெலிகளில் காணப்பட்டுள்ளது. நோய்க்கான இடரைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ.4 மரபணு வகையும் இதைப் போன்று, தடுப்புச் சைகை தரும் நரம்பணுக்களைப் பாதித்து, புதிய நரம்பணுக்கள் முதிர்வதைத் தடுப்பதாகத் தெரிகிறது.

மனிதரில் இதன் நிலை

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை விலங்குகளிலும் வளர்ப்புத் தட்டுகளிலும் கண்டவை. மனிதரின் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதற்கான முதல் சான்றை 1998இல் பீட்டர் எரிக்சன், ஃபிரெட் கேஜ் குழுவினர் அளித்தனர். 2013இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கூடிய கார்பன்-14ஐப் பயன்படுத்தி, ஒரு பக்க ஹிப்போகேம்பஸில் நாள்தோறும் ஏறத்தாழ 700 நரம்பணுக்கள் புதிதாகச் சேர்கின்றன எனக் கணித்தனர். 2018இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த குழு ஒன்று, வளர்ந்த மனிதரில் அத்தகைய உயிரணுக்களைக் காணவில்லை என அறிவித்தது. அதே ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று அதற்கு மாறான முடிவை வெளியிட்டது.

2019இல் மாட்ரிட் ஆய்வாளர்கள், நலமாக வாழ்ந்து இறந்த முதியோரிடம் இளம் நரம்பணுக்கள் பல உள்ளன என்றும், ஆல்சைமர் நோயாளிகளிடம் அவை நோயின் தொடக்கக் கட்டத்திலேயே குறைந்து விடுகின்றன என்றும் தெரிவித்தனர். 2025இல் கரோலின்ஸ்கா குழு, வளர்ந்த மனிதரின் ஹிப்போகேம்பஸில் பிரியும் நிலையிலுள்ள முன்னோடி உயிரணுக்களைக் கண்டதாக வெளியிட்டது. இறந்தபின் திசுவை எவ்வளவு விரைவில் பதப்படுத்தினர் என்பதைப் பொறுத்து முடிவு மாறக்கூடும் என்பதால் விவாதம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

மருத்துவத்தில், அமிலாய்டை அகற்றும் எதிர்ப்புரத மருந்துகளான லெக்கானிமாப் 2023இலும், டொனானிமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. இவை தொடக்கக் கட்டத்தில் உள்ளவர்களிடம் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. இழந்த நினைவை மீட்பதில்லை. ஆல்சைமர் நோய்க்கெனக் குருத்தணு மருத்துவம் எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. நச்சுப் புரதங்கள் நிறைந்த சூழலில் புதிய உயிரணுக்கள் பிழைத்து, முதிர்ந்து, பழைய வலைப்பின்னலில் சரியாக இணைய வேண்டும் என்பதே இதிலுள்ள பெரும் தடை.

குறிப்பேடும் திசுச் சீவல்களும் மீண்டும் கிடைத்தல்

அகுஸ்தே டெட்டரின் மருத்துவக் குறிப்பேடு நெடுங்காலம் தொலைந்ததாகக் கருதப்பட்டது. 1995 டிசம்பரில் கொன்ராட் மவுரர் குழுவினர் அதைப் பிராங்க்ஃபுர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆவணங்களிடையே கண்டெடுத்தனர். ஆல்சைமரின் கையெழுத்துக் குறிப்புகளும், அகுஸ்தே தம் பெயரை எழுத முயன்ற தாளும் அதில் இருந்தன. 1990களின் பிற்பகுதியில் மானுவல் கிரேபர் குழுவினர் மியூனிக்கில் ஜோஹான் எஃப்., அகுஸ்தே ஆகியோரின் மூளைத் திசுச் சீவல்களையும் கண்டெடுத்தனர். ஆல்சைமர் கூறியவாறே அகுஸ்தேயின் மூளையில் திட்டுகளும் சிக்கல்களும் இருந்தது உறுதியாயிற்று.

இச்சீவல்களிலிருந்து எடுத்த மரபுப்பொருளில் பிரசெனிலின் 1 மரபணுப் பிறழ்வு இருப்பதாக 2013இல் ஓர் ஆய்வு கூறியது. 2014இல் மற்றொரு குழு அதே பிறழ்வைத் தேடிக் காணவில்லை. எனவே அகுஸ்தேக்கு நோய் இளம் வயதில் வந்ததன் காரணம் இன்னும் முடிவாகவில்லை.

நினைவு

மார்க்ட்பிரைட்டில் ஆல்சைமர் பிறந்த வீடு 1995இல், அவர் இறந்த 80ஆம் ஆண்டு நினைவு நாளன்று, அருங்காட்சியகமாகவும் மாநாட்டு இல்லமாகவும் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 21 உலக ஆல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பிராங்க்ஃபுர்ட்டில் இவர் பணியாற்றிய மருத்துவமனைக் கட்டடம் இன்று இல்லை. அது இருந்த இடம் கேத்தே பல்கலைக்கழக வளாகத்தின் பகுதியாக உள்ளது.

முதுமையின் இயல்பு எனப் புறக்கணிக்கப்பட்ட துன்பத்தை ஆராயத்தக்க நோயாக மாற்றியதே ஆல்சைமரின் நிலையான பங்களிப்பு எனக் கருதப்படுகிறது. திட்டுகள் காரணமா, விளைவா என அவர் விட்டுச்சென்ற கேள்வி, அமிலாய்டையும் டௌவையும் குருத்தணுக்களையும் ஆராய்வோரிடையே வேறு வடிவங்களில் இன்றும் தொடர்கிறது.